பழைய வீட்டை முழுசாகப் புதுப்பிக்க: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நங்கநல்லூர், அசோக் நகர், பெரம்பூர், பெசன்ட் நகர் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும், அப்பா அம்மா கட்டிய தனி வீடு இப்போது பிள்ளைகள் கைக்கு வந்திருக்கும். பில்டரிடம் கொடுத்து இடித்து ஃபிளாட் கட்ட மனசு வராது. அப்படியே குடியிருக்கவும் முடியாது. பாத்ரூம் சுவரில் ஈரம், மொட்டை மாடியில் விரிசல், இரண்டு ஏசி சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகும். இந்த நிலையில்தான் பலரும் ஆர்க்கிடெக்டையோ இன்டீரியர் டிசைனரையோ தேடத் தொடங்குகிறார்கள்.

தேடும்போது போனில் நிறைந்திருப்பது சமையலறைப் படங்களும் ஹால் படங்களும்தான். தவறில்லை, ஆசைப்பட்டுத்தானே வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஆனால் சென்னையில் வீட்டு வேலையைத் தண்ணீரிலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மேலிருந்து இறங்கும் மழை, தெருவிலிருந்து உள்ளே வரும் வெள்ளம், தரைக்கடியிலிருந்து சுவரில் ஏறும் ஓதம், குழாயில் கசியும் நீர் ஆகிய நான்குக்கும் வழி செய்த பிறகுதான் டைல்ஸும் வார்ட்ரோபும். இந்த வரிசை மாறினால் போட்ட அழகையெல்லாம் மறுபடி உடைக்க வேண்டி வரும்.

1. வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு எழுதுங்கள். இந்த வீட்டில் எது கஷ்டமாக இருக்கிறது? எதைத் தொடக்கூடாது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பல வீடுகளில் ஆச்சரியமாக இருக்கும். பாட்டிக்கு அந்த ரெட் ஆக்சைடு தரை வேண்டும், அப்பாவுக்கு முன்பக்கத் திண்ணை வேண்டும். அதெல்லாம் பட்டியலில் வரட்டும்.

அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் இப்போதே பேச வேண்டும். பெரியவர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதோடு ஒட்டிய கழிப்பறையும் அவசியம். பாத்ரூம் கதவு வழக்கமான இரண்டேகால் அடியில் நிற்காமல், சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் அகலத்துக்கு இருக்கட்டும். கைப்பிடி மாட்ட வேண்டிய இடத்தை இப்போதே முடிவு செய்தால், அந்தச் சுவரை உறுதியாக எழுப்பிவிடலாம்.

வாஸ்து பார்க்கும் குடும்பம் என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிளான் முழுக்க வரைந்து முடித்த பிறகு மாமா வந்து அடுப்பு அக்னி மூலையில் இல்லையே என்று சொன்னால், பைப் லைன் உட்பட எல்லாமே மாறும்.

பணத்தைப் பொறுத்தவரை, செலவழிக்க முடிந்த மொத்தத் தொகையில் குறைந்தது 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் பூச்சை உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், அந்தத் தொகைக்கு நிச்சயம் வேலை இருக்கும். வாடகை வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்கும் கூலி, ஜி.எஸ்.டி. இவையும் கணக்கில் வர வேண்டும். முழு வீட்டையும் புதுப்பிக்கும்போது உள்ளேயே குடியிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். தூசியும் சத்தமும் ஒரு பக்கம் இருக்க, அறை அறையாக வேலை செய்வதால் காலமும் கூலியும் கூடும்.

2. பத்திரம், பட்டா, பிளான்

பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற பழைய பிளான், சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். சொத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரில் பொதுவாக இருந்தால் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டு மேலே போவது நல்லது.

பெயின்ட், தரை மாற்றுவது, பூச்சு வேலை போன்றவற்றுக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. புதிதாக அறை கட்டினாலோ, மாடி எழுப்பினாலோ, வீட்டின் பரப்பளவோ அமைப்போ மாறினாலோ அனுமதி வேண்டும். இதற்கான விதிகள் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ற தொகுப்பில் உள்ளன. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, தரைத்தளமும் முதல் தளமும் என்ற அளவுக்குள் இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்தில் இணையம் வழியாகவே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் வேலை எந்த வகையில் வருகிறது என்பதை ஆர்க்கிடெக்ட் எழுத்தில் சொல்லட்டும். "இதுக்கெல்லாம் யாரு சார் கேட்கப் போறாங்க" என்று மேஸ்திரி சொல்வதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் முதலில் சங்கத்தின் அனுமதிக் கடிதத்தை வாங்க வேண்டும். தூண், பீம், வெளிச்சுவர், பொதுக் குழாய் எதிலும் கை வைக்கக் கூடாது. பாத்ரூமை வேறு இடத்துக்கு மாற்றுவது கீழ் வீட்டுக்காரரின் சீலிங்கை மாற்றுவது போலத்தான். அவரிடமும் பேச வேண்டும்.

3. வீட்டைப் பரிசோதியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் பலரும் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இங்கே செலவழிக்கும் தொகைதான் பின்னால் பெரிய செலவைத் தடுக்கிறது. ஆர்க்கிடெக்டோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும்.

கடற்கரைக்கு அருகில் உள்ள வீடுகளில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை வெளியே தள்ளும். சன்ஷேடிலும் பால்கனி அடியிலும் காரை பெயர்ந்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதன் மேல் பூசி பெயின்ட் அடித்தால் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். ரீபவுண்ட் ஹேமர் சோதனை கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியைத் தோராயமாகக் காட்டும். புதிதாக உடைத்த கான்கிரீட் மேல் பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்துப் பார்ப்பது எளிய சோதனை. இளஞ்சிவப்பு வந்தால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறவில்லை என்றால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரத்தையும் ஓர் இடத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்து மிகப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தேக்கு உத்திரங்கள் மேல் செங்கலைக் குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை அது. இந்த வீடுகளின் சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சுதான். அதன் மேல் சிமென்ட் பூசினால் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விட முடியாமல் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களும், அதைப் புரிந்துகொள்ளும் ஆர்க்கிடெக்டும் இதற்குத் தேவை. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். கரையானும் உளுத்தலும் அங்கேதான் தொடங்கும்.

அப்புறம், தெரு மட்டம். சென்னையில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமலே மேல் மேலாகத் தார் போட்டதில் பல தெருக்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் அடையாளம் இருந்தால் அதைத் தெரு மட்டத்தோடு சேர்த்து அளந்து பிளானில் குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஓர் எண் வீட்டின் பல முடிவுகளைத் தீர்மானிக்கும்.

தரையை உயர்த்திவிடலாமே என்று உடனே தோன்றும். ஒன்றரை அடி உயர்த்தினால் பத்தடி உயர அறை எட்டரை அடியாகும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குச் சொல்லும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. ஏழடியில் இருந்த லிண்டல், அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் பீம், ஐந்தரை அடிக்கு வந்து தலையில் இடிக்கும். எல்லாக் கதவும் ஜன்னலும் மாறும், படிக்கட்டின் கணக்கும் கெடும். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது. ஆனால் அது இன்ஜினியர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே செய்ய வேண்டியது. தண்ணீர் அடிக்கடி வரும் இடமென்றால், சமையலறையையும் படுக்கையறைகளையும் மாடிக்கு மாற்றிக் கீழே பார்க்கிங்கும் ஒரு ஹாலும் வைத்துக்கொள்வது நல்ல வழி. தரை மட்டத்தை எப்படி முடிவு செய்தாலும் இந்த மூன்றையும் விடாதீர்கள்: ஈ.பி. மீட்டரும் மெயின் போர்டும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், சம்ப் வாய் உயர்ந்து இறுக்கமான மூடியோடு இருக்க வேண்டும், கழிவுநீர் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். தெருச் சாக்கடை நிரம்பும்போது கழிவு வீட்டுக்குள் திரும்பி வருவதைத் தடுப்பது அந்த வால்வுதான்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அப்போது அவசரத்தில் போட்ட குழி இப்போது மண் மூடிக் கிடக்கும். வேலையோடு வேலையாகத் தூர்வாரி, ஜல்லியை மாற்றி, மாடிக் குழாய்களைச் சரியாக இணைத்துவிடுங்கள்.

4. யாருக்கு என்ன வேலை

ஆர்க்கிடெக்ட் என்பது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பட்டம். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இன்டீரியர் டிசைனருக்கு இப்படிச் சட்டப் பதிவு கிடையாது. அதனால் அவர் முடித்த வேலைகளை நேரில் பார்ப்பதுதான் அளவுகோல்.

சுவர் நகர்கிறது, படிக்கட்டு மாறுகிறது, மாடி வருகிறது, அனுமதி வேண்டும் என்றால் ஆர்க்கிடெக்ட் இல்லாமல் இறங்காதீர்கள். அமைப்பு அப்படியே இருந்து, உள்ளே மரவேலை, விளக்கு, அலமாரி, நிறம் மட்டும் மாறுகிறது என்றால் டிசைனர் போதும். முழு வீடு என்றால் இருவரும் தேவைப்படலாம். அப்போது ஆர்க்கிடெக்டின் பிளான் முடிந்த பிறகு டிசைனரைக் கொண்டுவராமல், பிளான் வரையும்போதே இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். கட்டில் எங்கே வரும் என்று தெரியாமல் சுவிட்ச் போர்டை எங்கே வைப்பது?

தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் முடித்துக் குறைந்தது மூன்று மழைக்காலம் கடந்த வீடு ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். புது வீடு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசி, செலவு எவ்வளவு கூடியது, சைட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தார்கள், பிரச்சினை வந்தபோது போனை எடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

கட்டணத்தை வேலை மதிப்பில் சதவீதமாகவோ, சதுர அடிக் கணக்கிலோ, மொத்தத் தொகையாகவோ கேட்பார்கள். பழைய வீட்டு வேலைக்கு, என்னென்ன சேவை என்று எழுதிவைத்து மொத்தத் தொகை பேசுவதே நல்லது என்பது என் எண்ணம். சதவீதத்தில் போனால் செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா, தனியா என்று கேளுங்கள். கடைகளிலிருந்து கமிஷன் வாங்குவீர்களா என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம். நேர்மையானவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

5. வரைபடம் முடியும்வரை சுத்தியல் வேண்டாம்

முதலில் இருக்கும் வீட்டை அளந்து வரைவார்கள். பிறகு இரண்டு மூன்று மாதிரிப் பிளான்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், எந்தச் சுவரை உடைப்பது எதை விடுவது என்ற வரைபடம், ஸ்ட்ரக்சுரல் வரைபடம், எலக்ட்ரிகல், பிளம்பிங், டைல்ஸ், சீலிங், மரவேலை என்று தனித்தனியாக வர வேண்டும். ஏசியின் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வெளியே போகிறது என்பது வரை தாளில் இருக்க வேண்டும்.

பிளானைப் பார்த்துப் புரியவில்லை என்றால் வீட்டிலேயே சாக்பீஸால் தரையில் வரைந்து நடந்து பாருங்கள். மாவு கிரைண்டர் எங்கே, பாத்திரம் தேய்க்கும் இடம் எங்கே, துணி காயப்போடுவது எங்கே, கேஸ் சிலிண்டர் எந்த வழியாக உள்ளே வரும்? படங்களில் வரும் சமையலறைகளில் இவை எதுவும் இருக்காது. மதியம் கிழக்கிலிருந்து வரும் கடல் காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எந்த ஜன்னலில் வெளியேறும் என்றும் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்காகப் பழைய வென்டிலேட்டரை மூடச் சொன்னால் நான் மறுப்பேன்.

மின்சாரத்தில், பழைய வயரை அப்படியே விட்டுப் புது சுவிட்ச் மட்டும் மாற்றுவது வீண். விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்பது வழக்கமான கணக்கு. சரியான எர்த்திங்கும், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். மொத்த லோடு கூடினால் திரீ-பேஸுக்கும் கூடுதல் லோடுக்கும் ஈ.பி.யில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வரைபடங்களோடு, ஒவ்வொரு வேலைக்கும் அளவும் பொருளின் தரமும் போட்ட பட்டியல் வேண்டும். இதைத்தான் பி.ஓ.க்யூ. என்பார்கள். "நல்ல பிளைவுட்" என்றால் ஒன்றும் சொல்லாதது போலத்தான். சிங்க் அடியில் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட், இத்தனை மில்லிமீட்டர், இன்ன கம்பெனி கீல் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே பட்டியலை மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொடுத்தால்தான் விலையை ஒப்பிட முடியும். ஒருவர் மட்டும் மிகக் குறைத்துக் கேட்டால், எந்த வரியில் குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாட்டர்ப்ரூஃபிங்கிலும் பிளம்பிங்கிலும்தான் குறைந்திருக்கும்.

6. ஒப்பந்தம்

புது வீடு கட்டுவதுபோல் சதுர அடிக்கு இவ்வளவு என்று பழைய வீட்டு வேலையைப் பேசக் கூடாது. உடைப்பது எவ்வளவு, ஒட்டுவது எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு வேறு. பி.ஓ.க்யூ. விலைப்படி, நடந்த வேலையை அளந்து பணம் கொடுக்கும் முறை பொருத்தமானது. அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும். மீதியை வேலை முடியும் கட்டங்களோடு இணையுங்கள், தேதிகளோடு இணைக்காதீர்கள். கடைசி 5 சதவீதத்தைப் பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எந்த மாற்றமும் விலையோடு எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். தொழிலாளர் காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

7. காலமும் வரிசையும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் வரைபடமும் பரிசோதனையும் நடக்கட்டும். வீடு எங்கே ஒழுகுகிறது என்று நேரிலேயே தெரியும், போட்டோ எடுத்து வையுங்கள். தை பிறந்து பொங்கல் முடிந்து ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியதும் உடைக்கும் வேலையைத் தொடங்கினால், மொட்டை மாடியும் வெளிப்பூச்சும் அடுத்த மழைக்கு முன் முடியும். கோடையில் கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் தண்ணீர் அதிகமாக விட வேண்டும் என்பதால், லாரித் தண்ணீர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடைப்பதற்கு முன் ஈ.பி. இணைப்பைப் பாதுகாப்பாகத் துண்டிக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைச் சுத்தியலால் நொறுக்க விடாதீர்கள். நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. இடிபாடுகளைத் தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் மையங்கள் இருக்கின்றன, முறையாக அங்கே போகட்டும். பழைய தேக்குக் கதவு, ஜன்னல், மொசைக் கல் இவற்றை விற்பதற்கு முன் எங்காவது பயன்படுத்த முடியுமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள். அந்தத் தரத்தில் மரம் இன்று வாங்குவது கஷ்டம்.

உடைத்த பிறகு கட்டமைப்புப் பழுது, கரையான் மருந்து, கூரை, கட்டுவேலை, எலக்ட்ரிகல் பைப், பிளம்பிங், பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், மரவேலை, பெயின்ட் என்று வேலை நகரும். இதில் நீங்கள் கண்டிப்பாக நேரில் நிற்க வேண்டியது இரண்டு சோதனைகளுக்கு. சுவர்க் குழாயை மூடுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பாத்ரூமிலும் மொட்டை மாடியிலும் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழ்ப்பக்கம் ஈரம் வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், டைல்ஸ் ஒட்டிடலாம்" என்று அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

ஓதம் ஏறிய சுவரில் பழைய பூச்சை முழுக்க எடுத்து, ஈரம் வரும் காரணத்தைச் சரிசெய்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பூச்சு. காயாத சுவரில் அடித்த பட்டி ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரியும்.

வாரம் ஒருமுறை ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர், நீங்கள் மூவரும் சைட்டில் சந்தித்து, முடிவுகளை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். மேஸ்திரியிடம் ஒன்று, ஆசாரியிடம் ஒன்று என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னால் வேலை குழம்பும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். வேலை செய்கிறவர்களுக்குக் குடிநீர், கழிப்பறை, மதியம் உட்கார நிழல் மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

8. ஒப்படைப்பு

பூச்சு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்திருப்பீர்கள் என்றால், பிறகு ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் பைப் போகிறது என்ற பயம் இருக்காது. மாறிய இடங்களைத் திருத்திய இறுதி வரைபடங்கள், பெயின்ட் ஷேடு எண்கள், மோட்டார் முதல் கீசர் வரை வாரன்ட்டி அட்டைகள், வாட்டர்ப்ரூஃபிங் உத்தரவாதக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துப் பரணில் வைத்துவிடுங்கள், அதே ஷேடு பின்னால் கிடைக்காது. பரப்பளவு கூடியிருந்தால் மாநகராட்சியில் சொத்து வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிடித்து வைத்த அந்த 5 சதவீதத்தைக் கிரகப்பிரவேசத்தன்று கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாக அடித்து ஓய்ந்ததும் ஆர்க்கிடெக்டையும் கான்ட்ராக்டரையும் கூப்பிட்டு மாடி, சன்ஷேடு, பாத்ரூம் அடிப்பக்கம், ஜன்னல் ஓரங்கள், சம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். ஒழுகினால் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றே கணக்கை முடித்து முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள்.